சுரங்கத்தை மூடத் தூக்கிய கை

எழுதத் தெரிந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் நான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பும் நின்றுவிட்டது. ஆனால், தூர தேசத்துச் சுரங்கத்தை மூடச் சொல்லிக் கை தூக்கியவன் என்பதால், அதைப் பற்றி எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் மூத்த மகன் போலந்தில் இருக்கிறான். நிலக்கரியை நம்பியே பிழைக்கிற ஊர் ஒன்றில், சுரங்கத் தொழிலாளர்கள் சாப்பிடும் கேன்டீனில் கோப்பை கழுவுகிறான். குளிர்காலத்தில் ஊரே புகைக்குள் இருக்குமாம். துவைத்த வெள்ளைத் துணி காய்வதற்குள் சாம்பல் நிறமாகிவிடுமாம். அடியில் தோண்டித் தோண்டி, மேலே வீட்டுச் சுவர்கள் வெடித்திருக்கின்றனவாம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வெடித்த சுவரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. சுரங்கம் நட்டத்தில் ஓடுகிறது, மூடப்போகிறார்கள் என்ற பேச்சுதான் அவனை வாட்டியது. சுரங்கம் போனால் கேன்டீன் போகும், கேன்டீன் போனால் விசா போகும்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் சுற்றுச்சூழல் கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த சார் திரையில் படம் காட்டி, நிலக்கரி உலகத்தையே சுடுகிறது என்று விளக்கினார். பாதியில் கரண்ட் போய்விட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் சார்.

"கரிக்கப்பல் வரலையாம் சார். ரேடியோவுல சொன்னாங்க" என்றார் முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு அக்கா.

ஜன்னலுக்கு வெளியே மஸ்கெலியா நீர்த்தேக்கம் தெரிந்தது. அந்தத் தண்ணீரிலும் கரண்ட் எடுக்கிறார்கள். அது எங்கள் தலைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போகிறது.

சார் அரையிருட்டிலேயே பேசி முடித்தார். "நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட வேண்டும் என்பவர்கள் கைகளை உயர்த்துங்கள்."

எங்களுக்குக் கை தூக்குவது என்றால் முதலில் ஒரே அர்த்தம்தான் தோன்றும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், கூப்பிட்டதும் கை தூக்கினால் அன்றைக்குப் பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம். கூட்டம் முடிந்து கொடுக்கிற சாப்பாட்டுப் பார்சலுக்கு ஆள் எண்ணுகிறார்கள் என்று நினைத்து அக்கா கையைத் தூக்கினார். மண்டபமே தூக்கியது. நானும் தூக்கினேன். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பார்சலோடு வீட்டுக்குப் போனபோது, மனைவி போனை நீட்டினாள்.

"அப்பா, நாளைக்கு முடிவு சொல்றாங்களாம்" என்றான் மகன். "மூடுனா நான் ஊருக்குத்தான் வரணும். இங்க எல்லாரும் ரோட்டுல எறங்கிட்டாங்க. மூடக் கூடாதுன்னு நானும் போய்க் கையத் தூக்கிட்டு வந்தேன்."

"நானும் தூக்கினேன்" என்றேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை.

மனைவி கேட்டாள். சொன்னேன்.

"வாயத் தெறக்காத மனுசன், இதுக்கு மட்டும் கையத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்களே!"

"சோத்துக்குன்னு நெனச்சேன்."

"சோத்துக்குத்தாங்க. அவன் சோத்துக்கு."

எங்கள் கைக்கு அத்தனை பலம் கிடையாது என்று அவளுக்கும் தெரியும். தேயிலை மலையைக் காடாக விடாதீர்கள் என்று எத்தனையோ தடவை தூக்கியிருக்கிறோம். மலை காடாகத்தான் கிடக்கிறது. இருந்தாலும் அன்றைக்கு அவள் பார்சலைத் தொடவில்லை. எனக்குப் பசித்தது.

மறுநாள் சுரங்கத்தை மூடுவதாக அறிவித்தார்கள். எனக்குப் பெரட்டில் பேர் விழுந்தது.