நாலு விரல் தள்ளிப் பார்த்த லென்ஸ்

மருதாணி வைக்கும்போது எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்யாணப் பெண்ணின் காது அத்தனை தெளிவு. ஜிமிக்கி முத்துகளை எண்ணலாம். காதோரப் பூனைமுடிகூடத் தெரிந்தது. கண்கள் மட்டும் மசமசவென்று இருந்தன. அடுத்த படமும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். எல்லாவற்றிலும் காதுதான் கதாநாயகி.

மறுநாள் மதியம் நிக்காஹ்.

டிஜிட்டல் கேமரா எங்கள் பக்கத்துக்கு வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. தண்டையார்பேட்டையில் எனக்குச் சின்ன ஸ்டூடியோ. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இஸ்லாமியக் கல்யாணம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பெரிய கொம்பு என்று இல்லை. பெண்கள் பகுதியில் திரை கட்டியிருப்பார்கள், ஆண் போட்டோகிராபர் அதைத் தாண்ட முடியாது. அந்த வட்டாரத்தில் கேமரா தூக்கிய பொம்பளை நான் ஒருத்திதான். திரைக்கு இந்தப் பக்கம் நான் சொதப்பினால் சரிசெய்ய ஆள் கிடையாது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணப் படமே இல்லை என்றாகிவிடும்.

ஃபிளாஷ் வேண்டாம் என்ற பெண்

பெண்ணின் பெயர் நஸ்ரின். கேரம் ஆட்டக்காரி, மாநில அளவில் கப் வாங்கியவள். கல்யாணம் பேசி முடித்ததும் அவளும் அவள் அம்மா மைமூனும் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள்.

"அக்கா, எனக்கு ஒரே ஒரு போட்டோ நல்லா வந்தா போதும். ஃபிளாஷ் மட்டும் அடிக்காத. வெளிச்சம் பட்டா எங்கண்ணு தானா மூடிக்குது. வூட்ல அத்தினி கப்பு கீது, அத்தினிக்கும் போட்டோ கீது. ஒண்ணுலகூட நான் முழிச்சிகினு இல்ல."

மைமூன் சிரித்தார். "இவங்க அத்தா அந்த போட்டோவெல்லாம் கப்பலுக்கு எட்த்துகினு போய் எல்லாருக்கும் காட்டுவாரும்மா. எம்மவ தூங்கிகினே கப்பு வாங்குறா பாருன்னு."

அத்தா, அதாவது நஸ்ரினின் அப்பா, சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் பிட்டர். ஒப்பந்தம் முடியாததால் மகள் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. அவருடைய அண்ணன், நஸ்ரினின் பெரியத்தாதான் பொறுப்பேற்று நிக்காஹ் நடத்தி வைக்கப் போகிறார். கப்பல் மெயிலில் ஒரே ஒரு படம் அனுப்பிக்கொள்ளலாம் என்று கேப்டன் சம்மதித்திருந்தார். தாலிபோலக் கழுத்தில் கருகமணி கட்டும் நேரத்துப் படம்தான் வேண்டும் என்று அத்தா சொல்லி அனுப்பியிருந்தார்.

என் பழைய ஜூம் லென்ஸ் ஃபிளாஷ் இல்லாமல் மண்டபத்துக்குள் ஒன்றுக்கும் உதவாது. போதாததற்கு எங்கள் ஊர்க் கடல்காற்றில் அதற்குள் ஃபங்கஸ் வேறு படர்ந்து, ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், நன்றாகத் திறக்கும் புது லென்ஸ் ஒன்றை வாங்கினேன். டியூப் லைட் வெளிச்சமே அதற்குப் போதும். ஆனால் அப்படித் திறந்து எடுக்கும்போது தெளிவாக விழும் இடம் ரொம்ப ஒடுங்கிவிடும். கண்ணில் போகஸ் வைத்தால் கண்ணில்தான் விழ வேண்டும். என் புது லென்ஸோ, கண்ணில் போகஸ் ஆகிவிட்டதென்று பச்சை விளக்குக் காட்டிவிட்டு, அதற்குப் பின்னாலிருந்த காதைத் தெளிவாக எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டோபோகஸ் கோளாறு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கம்பெனிக்கு அனுப்பிடலாம் மேடம். வர ஒரு மாசம் ஆவும்" என்றார். நாளைக்கே நிக்காஹ் என்றேன். "அப்ப அப்பர்ச்சரை மூடி, ஃபிளாஷ் போட்டு எடுங்க." நல்ல யோசனைதான். ஆனால் கண் மூடிய இன்னொரு படத்துக்கு நான் எதற்கு?

கையால் போகஸ் செய்து பார்த்தேன். பழைய ஃபிலிம் கேமராவில் கண்ணாடி நடுவே உருவம் இரண்டாகத் தெரியும், இரண்டும் ஒட்டினால் போகஸ் சரி. புதுக் கேமராவில் அந்த வசதியும் இல்லை. குட்டி ஜன்னல் வழியே உற்றுப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம். தெரிந்த போட்டோகிராபர்களிடம் லென்ஸ் கேட்டேன். முகூர்த்த நாள், எல்லோரும் வேலையில் இருந்தார்கள்.

சீரோடு போகவிருந்த போர்டு

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கேமரா மக்கர் பண்ணினால் கஸ்டமரிடம் மூச்சு விடக் கூடாது. சிரித்துக்கொண்டே சமாளிக்க வேண்டும். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மருதாணி காய்வதற்காக இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்திருந்த நஸ்ரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பேஜாரு? மூஞ்சே சரியில்லியே."

"ஒன்னுமில்லம்மா."

"சும்மா சொல்லுக்கா. கேம்ல எதிர்ல குந்திகினு கீறவங்க மூஞ்சியத்தான் நான் மொதல்ல பாப்பேன்."

சொல்லிவிட்டேன். படங்களையும் காட்டினேன். அழுவாள், இல்லை அம்மாவைக் கூப்பிட்டுக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி.

"எப்பவுமே பின்னாலதான் போவுதா, இல்ல ஒருவாட்டி முன்ன ஒருவாட்டி பின்னன்னு போவுதா?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டிய கட்டில், பீரோ, பாத்திரங்களோடு ஒரு கேரம் போர்டும் பெட்ஷீட்டில் சுற்றிச் சுவரோரம் நின்றது. மருமகள் கொண்டுவரும் சீரில் கேரம் போர்டைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அதை இறக்கச் சொன்னாள். கையில் மருதாணி, ஒரு காயைக்கூடத் தொட முடியாது. அதனால் மோவாயை நீட்டி நீட்டி வேலை வாங்கினாள்.

"காயெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணு ஒட்டி நீட்டா வரிசையா வையி. நடுவுல ரெட்ட வையி. இப்ப நீ இந்தாண்ட வந்து, ரெட்டப் பாத்து அடி. போட்டோ அடிக்கா, ஸ்ட்ரைக்கர இல்ல."

சிவப்புக் காயில் போகஸ் வைத்து எடுத்தேன். தெளிவாக விழுந்தது அதற்குப் பின்னால் மூன்றாவது காய். மறுபடி எடுத்தேன். மறுபடியும் மூன்றாவது காய். கிட்டே போய், கொஞ்சம் விலகி, உட்கார்ந்து, நின்று எடுத்தேன். நாளைக்கு நான் நிற்கப்போகும் தூரத்திலிருந்து எப்போது எடுத்தாலும் மூன்றாவது காய்தான். விரலை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் தூரம்.

நஸ்ரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், கப் வாங்கியபோதுகூட அப்படிச் சிரித்திருப்பாளா தெரியாது.

"அப்ப இது நல்ல லென்ஸ்தான்க்கா! எங்க கிளப்புல ஒரு போர்டு கீது, லெப்ட்ல இழுக்கும். அத்த யாரும் தூக்கிப் போடல. மொத ரெண்டு அடியிலயே எவ்ளோ இழுக்குதுன்னு பாத்துக்குவோம், அப்பால அவ்ளோ தள்ளி அடிப்போம். ஒருவாட்டி இப்டி ஒருவாட்டி அப்டி போற போர்டுதான் கலீஜு."

அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கண்ணில் போகஸ் பூட்டிவிட்டு, பட்டனைப் பாதி அழுத்தியபடியே நான் நாலு விரல் பின்னுக்குச் சாய்ந்தால் போதும். லென்ஸ் தேடிப் போகிற இடம் சரியாகக் கண்ணுக்கு வந்துவிடும். செய்து பார்த்தேன். அவள் கண் இமையின் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மாலை முழுக்கக் காய்களை வைத்தும், மைமூனை உட்கார வைத்தும் பழகினேன். "புது சாமான்மா, கண்ணு பட்டுருக்கும்" என்று மைமூன் லென்ஸுக்கு எதையோ ஓதி ஊதியும் விட்டார். அதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கருகமணி

மறுநாள் மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காகப் போனது. பூட்டு, சாய், அழுத்து. ஒன்றிரண்டு தவறினாலும் பெரும்பாலும் கண்ணில் விழுந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நிக்காஹ் ஓதி முடித்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா கருகமணியோடு வந்தார். அவ்வளவுதான், மண்டபத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் மேடைக்கு ஏறிவிட்டார்கள். பிரியாணி அண்டாவைத் திறந்தபோதுகூட அந்தத் தள்ளுமுள்ளு இல்லை. இடித்த இடியில் நான் மேடைத் தூணோடு ஒட்டிப்போனேன்.

அக்கா நஸ்ரினின் கழுத்துக்குப் பின்னால் குனிந்து கொக்கியை மாட்டத் தொடங்கினார். நான் கண்ணில் போகஸ் பூட்டினேன். பச்சை விளக்கு வந்தது. பின்னுக்குச் சாய்ந்தேன். முதுகில் தூண் இடித்தது. ஒரு விரல்கூடப் போக வழியில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள். கொக்கி மாட்டி முடிந்தால் அத்தா கேட்ட அந்த நேரமும் முடிந்துவிடும். கப்பலில் இருக்கும் மனிதருக்குக் காதைத்தான் அனுப்பப் போகிறேன் என்று நினைத்தேன்.

நஸ்ரின் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், முதுகுக்குப் பின்னாலிருந்த தூணைப் பார்த்தாள். பிறகு தலையை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். சரியாக நாலு விரல். இழுத்த இடத்தில் ஆடாமல் நிறுத்தி, காயைக் குறிபார்ப்பதைப்போல லென்ஸை நேராகப் பார்த்தாள்.

"பாருடி, பொண்ணுக்கு வெக்கத்த!" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுத்தினேன்.

எத்தனையோ நடிகைகள் தோற்றுப்போவார்கள். கழுத்தில் கருகமணி ஏறுகிற நிமிஷத்தில், ஊரே மேலே விழுந்துகொண்டிருக்கையில், அளவு தப்பாமல் அவள் தலை போய் நின்ற அழகை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

பிறகு லென்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சரியாகி வந்தது. வந்த பிறகும் நான் பழக்கத்தில் பின்னுக்குச் சாய்ந்து, ஒரு வளைகாப்பு முழுக்க மூக்கு நுனியை மட்டும் தெளிவாக எடுத்து வைத்தது தனிக் கூத்து.

கல்யாணம் முடிந்த சில நாளில் ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. ஏதோ துறைமுகத்திலிருந்து, இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல்.

"போட்டோ புடிச்ச அம்மாவா? நஸ்ரினோட அத்தா பேசுறேன். எம்மவ முழிச்சிகினு கீறாம்மா."

"ஆமாண்ணே" என்றேன்.

"தூங்குற போட்டோவ கப்பல் பூரா காட்டுனேன். இத்த யாருக்கும் காட்டல. நான் மட்டும் பாத்துகினு கீறேன்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். லென்ஸ் தப்பு செய்தால், எப்போதும் ஒரே மாதிரி செய்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் அதை வைத்து வேலை செய்துவிடலாம். இரண்டாவது, உங்கள் சங்கடத்தைப் படத்தில் இருக்கப்போகிறவரிடம் சொல்லிவிடுங்கள். நான் அன்று சிரித்து மழுப்பியிருந்தால், எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று நஸ்ரினுக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். திரைக்குப் பின்னால் எடுத்த படங்களை சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டார் கண்ணெதிரிலேயே என்னிடம் இருப்பதை அழித்துவிடுவது என் வழக்கம். நான் எடுத்ததிலேயே நல்ல படம் என் கையில் இல்லை. பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார்.