ஆவடி வரை காத்திருந்தவர்

எழுபதுகளில், அரிவாள் செல் என்னும் ரத்த நோயால் என் ஆறு வயது மகளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. சென்னை மருத்துவமனையிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். நாங்கள் பார்த்த அதே மருத்துவரிடம் தன் பெண்ணைக் காட்டிவிட்டு வந்த ஓர் அம்மாள், நெற்றி நிறையக் குங்குமத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“உன் பேரு இன்னா கண்ணு?”

“செல்வி” என்றேன் நான்.

“உன்னிய கேக்கலமா, அவள கேக்கறேன்.”

“அவளுக்குப் பேச வரலீங்க.”

“எம் பொண்ணுக்கும் இதே சீக்குதான். நாமளே பேசிக்கினு இருந்தா அது எப்பிடிப் பேசும்?”

பக்கத்தில் இருந்தவர்கள் ‘ஐயோ பாவம்’ என்றார்கள். அவர் மட்டும் செல்வியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெரம்பூர் போயிற்று, அம்பத்தூரும் போயிற்று. ஆவடியில் ரயில் நின்றபோது, “செ...வி” என்றாள் என் மகள்.

“செல்வியா! நல்ல பேரு” என்று, அப்போதுதான் கேட்பவரைப் போலச் சிரித்தார்.

திருநின்றவூரில் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். தன் கவலையே அத்தனை இருக்கையில், என் பெண்ணுக்காக அவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ!

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெண், “பாப்பா சாப்டுச்சா?” என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் செல்வியைப் பார்த்தேன்.