நுரைக்காத துளி

போன வாரம் ஒரு மத்தியானம், அசோக் நகரில் எங்கள் லேபுக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடைக்குப் போய் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பாட்டில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "காதுல அழுக்கா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை பெரிய லேபில், கிருமிகளின் பெயரைக் கண்டுபிடிக்கும் பிரிவுக்கே பொறுப்பாளியாக இருப்பவள், ஒரு சொட்டு பெராக்சைடுக்குத் தெருவைக் கடந்து வந்திருக்கிறேன் என்று சொல்வதைவிடக் காதில் அழுக்கு என்பது கொஞ்சம் கௌரவமாகப் பட்டது.

எங்களிடம் இப்போது மெஷின் இருக்கிறது. கிருமியைக் கரைத்து உள்ளே வைத்தால் காலையில் பெயரைச் சொல்லிவிடும். தெரியாவிட்டால் தெரியாது என்றும் சொல்லிவிடும். நம்மைப் போலச் சமாளிக்காது. அதற்கு முந்தின நாள் ஒரு பெண்மணியின் விரல் சாம்பிளுக்கு அது கையை விரித்துவிட்டது. பணியிலிருந்த பெண், "ஸ்கின் கன்டாமினன்ட்தான் மேடம், க்ளோஸ் பண்ணிடலாம்" என்றாள். அதாவது நோய் தந்த கிருமி இல்லை, சும்மா தோலில் ஒட்டியிருந்தது, சாம்பிளோடு வந்து விழுந்துவிட்டது, தூக்கிப் போடு. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறும். அவளுக்கு அது தெரியாது, பாவம்.

பாட்டில் மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு நான் மயிலாப்பூருக்குப் போய்விட்டேன்.

குளத்தை ஒட்டிய சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த லேப். கிருமிகளுக்கு நாங்கள்தான் சமைத்துப்போட வேண்டும். மாட்டிறைச்சிச் சாறு, உப்பு, கடற்பாசியிலிருந்து எடுத்த அகர் எல்லாம் சேர்த்துப் பெரிய குக்கரில் வைத்தால், அந்த ஆவி ஜன்னல் வழியாக இறங்கி மல்லிகைப்பூ, காபிப்பொடி வாசனைகளுக்கு நடுவே நிற்கும். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் படியேறி வந்து, "ஏம்மா, மேல தெனமும் என்ன பண்றேள்? ஆத்துல உக்கார முடியலையே!" என்று கேட்டார். "மருந்து காய்ச்சறோம் மாமி" என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கிருமி வளர்க்கும் தட்டுகளில் கலக்க ஆட்டு ரத்தம் வேறு காபி பிளாஸ்கில்தான் வரும். அதை மாமி பார்த்திருந்தால் எங்களைத் தெருவை விட்டே கிளப்பியிருப்பார்.

அந்தப் படிக்கட்டில்தான் லூர்து அக்கா உட்கார்ந்திருப்பார். பட்டினப்பாக்கத்துக்காரர், சாந்தோம் பக்கம் மீன் விற்பவர். அவர் வந்திருப்பது மேலே இருக்கும் எங்களுக்கு மூக்கு வழியாகவே தெரிந்துவிடும். வலது கை ஆள்காட்டி விரல் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. சீழ் இல்லை. வலி மட்டும் உயிர் போகிற வலி.

"சங்கரா முள்ளு குத்திச்சிம்மா. எத்தினி தபா குத்திக்கீது, ஒண்ணும் ஆனதில்ல. இப்ப கத்தி புடிக்க முடில. அப்பால நான் எங்க போயி குந்துறது?"

ஆஸ்பத்திரியில் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கிருமியின் பெயர் தெரியாமல் கொடுக்கும் மருந்து முகவரி இல்லாத கடிதம் மாதிரி. எங்களுக்கு சாம்பிள் வந்தது, வளர்த்தோம், மறுநாள் தட்டு துடைத்து வைத்தாற்போல வெறுமையாக இருந்தது. திரும்ப வந்தது. திரும்பவும் ஒன்றுமில்லை. 'வளர்ச்சி இல்லை' என்று எழுதி அனுப்புவது எழுதுகிறவருக்கு எவ்வளவு சுலபம்! கடைசியாக சர்ஜன் வீக்கத்தின் ஓரத்திலிருந்து துளித் தோலையே வெட்டி அனுப்பினார். இதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் விரலைப் பாதியில் எடுத்துவிடுவதாக லூர்து அக்காவிடம் சொல்லியிருந்தார். நாளும் குறித்தாகிவிட்டது.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருநாள் பார்ப்போம், ஒன்றும் முளைக்காவிட்டால் தட்டைக் கொட்டிவிடுவோம். இடம் அவ்வளவுதான். அந்தத் தோல் துணுக்கை வைத்த மறுநாள் அறுபத்துமூவர் உற்சவம். மயிலாப்பூரில் அறுபத்துமூவர் என்றால் உங்களுக்குத் தெரியும், குளத்தைச் சுற்றி எறும்புகூட நகர முடியாது. நீர்மோர்ப் பந்தல் வரை வந்து, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, லேபுக்குப் போக முடியாமல் வீட்டுக்குத் திரும்பினேன். அப்படி அந்தத் தட்டு கூடுதலாக ஒருநாள் சூட்டுப் பெட்டியில் தங்கிவிட்டது.

அதற்கு மறுநாள் காலையில் ரத்தத் தட்டில் ஊசிமுனைப் பொட்டுகள். ஒருநாளில் கொட்டியிருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது. சாயமேற்றிப் பார்த்தேன். ஊதா நிறத்தில் மெல்லிய குச்சிகள். தோலில் சும்மா குடியிருக்கும் கிருமியும் இதே சாயலில்தான் இருக்கும். இரண்டையும் பிரிக்க எளிய வழி பெராக்சைடு. கண்ணாடித் தகட்டில் கிருமியை வைத்து ஒரு துளி விட்டால், தோல் கிருமி நுரைத்துப் பொங்கும்.

பொங்கியது.

எங்கள் மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். லேபின் சொந்தக்காரர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல டாக்டர். "நொரைக்கறதே, பாக்கலையா? ஸ்கின் கன்டாமினன்ட்டுடிம்மா. தூக்கிப் போட்டுட்டு அடுத்ததைப் பாரு."

இவ்வளவு பாடுபட்டு வளர்ந்தது வெறும் அழுக்கா! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கிருமி மீதா, மேடம் மீதா, சர்ஜன் மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் தட்டைக் கொட்டுவதற்கு முன் ஒரு பொட்டை எடுத்து, ரத்தம் கலக்காத சாதாரண ஊடகம் இருந்த குழாயில் இழுத்து வைத்தேன். சில கிருமிகள் வளர்ந்தால் மட்டும் கறுத்துப்போகும் சிவப்பு ஊடகக் குழாய் ஒன்றின் நடுவிலும் குத்தி வைத்தேன். பெரிய யோசனையெல்லாம் இல்லை. படிக்கட்டில் லூர்து அக்கா உட்கார்ந்திருந்தார், அவரிடம் உடனே போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

"இன்னாம்மா, பூச்சி பேரு தெர்ஞ்சிச்சா?"

"நாளைக்கு வாங்கக்கா."

"நாளிக்கு, நாளிக்கு. வெரலு போனப்பறம் பேரு தெர்ஞ்சி இன்னா, பேரு வெச்சி கூப்புடவா போறேன்?"

மறுநாள் சாதாரணக் குழாயில் வளர்ந்ததை எடுத்துத் துளி விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, பெராக்சைடு செத்துவிட்டது என்று நினைத்தேன். சென்னை வெயிலுக்கும் மின்வெட்டுக்கும் அது அடிக்கடி வீரியம் இழக்கும். எங்கள் தொழிலில் நுரை வராவிட்டால் முதலில் திட்டு வாங்குவது பாட்டில்தான். புதுப் பாட்டில் உடைத்தேன். அதிலும் நுரை இல்லை. கடைக்காரனையும் திட்டினேன். கடைசியில், கட்டாயம் நுரைக்கும் என்று தெரிந்த வேறொரு கிருமியை வைத்து அதே பாட்டிலிலிருந்து விட்டேன். சோடா மாதிரி பொங்கியது. பாட்டில் மீது தப்பில்லை.

மேடம் பின்னால் வந்து நின்றிருந்தார். சிவப்புக் குழாயைத் தூக்கிப் பார்த்தார். நான் குத்திய வழி நெடுக மை ஊற்றினாற்போல ஒரு கறுப்புக் கோடு. தோல் கிருமி அப்படிச் செய்யாது. குழாயை என் கையில் கொடுத்தார்.

"நேத்து நொரைச்சது கிருமி இல்லைடி. சின்னப் பொட்டா இருக்கேன்னு தட்டையும் சேத்துச் சொரண்டியிருக்கோம். ஆட்டு ரத்தம்னா நொரைச்சிருக்கு."

ரத்தத்தில் பெராக்சைடு பட்டால் நுரைக்கும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். முழங்காலில் அடிபட்ட எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும்தான். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மேடம் உடனே சர்ஜனுக்குப் போன் செய்தார். மீன் முள்ளில் வாழும் எரிசிபெலோத்ரிக்ஸ் என்னும் கிருமி, கத்தி வேண்டாம், பழைய பெனிசிலினே போதும் என்றார். படியிறங்கிப் போய் நான் லூர்து அக்காவிடம் பெயரைச் சொன்னேன். அவர் வாயைப் பிளந்தார்.

"இம்மாம் சின்னப் பூச்சிக்கு இம்மாம் பெரிய பேரா?"

விரல் தப்பியது. ஆனால் மேல்கணு மட்டும் அதற்குள் விறைத்துப்போய்விட்டது, அப்புறம் மடங்கவே இல்லை. அந்த நீட்டிய விரலோடுதான் மீன் வெட்டினார், வாடிக்கையாளரை அதட்டினார், ஒரு தடவை எனக்கு ஓசியில் சங்கரா கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே கொடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணுதான் கண்ணில் படும். முதல் தட்டையே இன்னும் ஒருநாள் வைத்திருந்தால் அதுவும் மடங்கியிருக்கும். இத்தனை வருஷத்திலும் அந்த எரிச்சல் எனக்கு அடங்கவில்லை.

இப்போது அந்தச் சந்தில் லேப் இல்லை. குக்கர் இல்லை, மாமி இல்லை, தட்டுகள் சமைத்த நிலையிலேயே பிளாஸ்டிக் உறையில் வருகின்றன. அதற்கெல்லாம் நான் அழவில்லை. அந்தக் குக்கரை யார் கழுவுவது?

போன வாரம் வாங்கி வந்த பெராக்சைடை, ரத்தம் படாமல் வளர்த்து வைத்திருந்த அந்தப் பெண்மணியின் விரல் கிருமி மேல் விட்டேன். துளி நுரைக்காமல் அப்படியே கிடந்தது. உடனே சாம்பிள் எடுத்த பாலவாக்கம் கிளைக்குப் போன் போட்டேன்.

"அந்த அம்மா என்ன வேலை செய்றாங்க, தெரியுமா?"

"அதெல்லாம் சிஸ்டத்துல கேக்காது மேடம்."

"சரி, போன் நம்பர்?"

"நம்ம சென்டர் நம்பர்தான் மேடம் போட்டிருக்கு. நார்மல்னு ரிப்போர்ட் நேத்தே ஆட்டோமேட்டிக்கா ரிலீஸ் ஆயிடுச்சு. அவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க மேல மீன் வாசனை அடிச்சுதா?"

"நாங்க மாஸ்க் போட்டிருந்தோம் மேடம்."