அணுக்கருவுக்கு விளிம்பு எங்கே

எழுபதுகளின் கடைசியில், எம்.எஸ்சி. இயற்பியல் வாய்மொழித் தேர்வில் நான் தவறியதற்கு ஒரு காம்பஸ்தான் காரணம். அணுக்கருவை வரையச் சொன்னார்கள். கச்சிதமாக வட்டம் போட்டுக் கொடுத்தேன். "கோட்டுக்கு உள்ளேதான் பொருள், வெளியே ஒன்றுமே இல்லையா?" என்று கேட்டார் தேர்வாளர். "ஆமாங்க சார்" என்றேன். அதோடு கதை முடிந்தது.

அப்பா ராசிபுரத்துப் பக்கம் விவசாயி. "இன்னொருக்கா போய்ப் பாரு சாமி. அதுலயும் போச்சுன்னா மாப்ளை பாத்தர்றேன்" என்றார். கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கனமான அணுக்கருவின் உள்ளே எங்கும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. கரு பெருத்தாலும் அடர்த்தி ஏறாது. ஓரத்தில் மட்டும் படிப்படியாகக் குறையும். தவறிய பிறகு இதை உருப்போட்டு வைத்திருந்தேனே தவிர, ஒரு மண்ணும் புரியவில்லை.

இரண்டாம் முறை தேர்வுக்குப் போன காலையில் சேலம் பஸ்ஸின் படியிலேயே மாட்டிக்கொண்டேன். "நடுவுல எடம் கெடக்குது, உள்ள போங்க" என்று கண்டக்டர் கத்தினார். எடமாவது கெடப்பதாவது. நெய் டின்னை இடுப்பில் இடுக்கியிருந்த ஓர் அம்மா, "கையக் குடு சாமி" என்று என்னை உள்ளே இழுத்துவிட்டார்.

மூச்சு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். முன்னாலும் நடுவிலும் ஒரே நெரிசல். வாசல் பக்கம் கொஞ்சம் இளகி, படியில் இன்னும் இளகி, கடைசியாக ஒருவர் ஒற்றைக் காலில் தொங்கினார். பஸ்ஸுக்குத் தகரம் உண்டு, கூட்டத்துக்கு விளிம்பு ஏது? உருப்போட்ட பாடம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

அதே தேர்வாளர்தான் இருந்தார். இந்த முறை காம்பஸைத் தொடவில்லை. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் பென்சிலால் புள்ளி வைத்தேன்.

"ஆரம் எதுவரை?"

"அடர்த்தி பாதியாகிற இடம்வரை என்று நாமாக வைத்துக்கொள்கிறோம் சார். அதற்கு வெளியேயும் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கும்."

அவர் சிரித்துவிட்டார்.

எனக்குப் பாடம் நடத்திய எல்லோருக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கி, டின்னோடு போய்விட்டார். என் படிப்பு அவர் இழுத்த இழுப்பில் பிழைத்தது என்பதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

தேறிய சேதி வந்த அன்று அப்பா, "போன தடவ தெரியாதது இப்ப எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

"பஸ்ஸுலீங்கப்பா."

கேலி செய்கிறேனா என்று என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"அப்ப வேலைக்கு இண்டர்வியூவுக்குப் போறப்பவும் அந்த பஸ்ஸுலயே போ சாமி."