காசிலிங்கத்தின் கொக்கி

இடது சுண்டுவிரலால் ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலால் ஓங்கி ஒரு குத்து. திரையில் இன்னொரு கேள்விக்குறி விழும். காசிலிங்கம் ஒரு கடிதத்தை முடித்துவிட்டார் என்று அர்த்தம். தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் போல நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விடுவார்.

மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஊருக்கே ஆங்கிலக் கடிதம் அடித்துத் தருகிற பெரிய மனிதர். முற்றுப்புள்ளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதை மட்டும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. "எனக்கு இரண்டு நாள் காய்ச்சல்?" என்று லீவு லெட்டர் அடிப்பார். "என் தகப்பனார் பெயர் சிங்காரம்?" என்று சான்றிதழுக்கு மனு அடிப்பார். படிக்கிறவருக்கு, பாவம், சிங்காரத்தின் வீட்டில் ஏதோ பெரிய தகராறு என்றுதான் தோன்றும்.

யாராவது கேட்டால் கேள்விக்குறியின் வளைவைக் காட்டிப் பாடம் நடத்துவார். "கொக்கி போடணும்ங்க. கொக்கி இல்லாத தூண்டில்ல மீனு மாட்டுமா? புள்ளி வச்சா ஆபீசரு படிச்சிட்டு மூடி வச்சிடுவான். கொக்கி போட்டா பதில் எழுதியே ஆவணும்." தாசில்தாருக்கு ஒன்று, கலெக்டருக்கு இரண்டு, மந்திரிக்கு மூன்று. மரியாதை ஏற ஏறக் கொக்கியும் ஏறும். இத்தனைக்கும் கடல் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஒரு கெளுத்திக்குஞ்சைக்கூடப் பிடித்தறியாதவர். அவருக்குத் தெரிந்த மீனெல்லாம் குழம்பில் கிடப்பது.

உப்புக்காற்று அந்தக் கடையில் ஸ்டேப்ளர் பின்னைக்கூட விட்டுவைப்பதில்லை. கீபோர்டில் பாதிப் பட்டன்கள் இறுகிவிட்டன. கேள்விக்குறி பட்டன் மட்டும் வெண்ணெயில் விரல் விட்டது போல இறங்கும்.

இந்தக் கொக்கி மகாராஜா ஒரே ஒருவருக்கு மட்டும் கொக்கி போடுவதில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் கீதாஞ்சலிக்கு. தினமும் மதியம் வாட்ஸப்பில், அதுவும் ஆங்கிலத்தில்தான், ஒரு செய்தி போகும். "யூ ஏட்" என்று. சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறாராம்; படித்தால் தீர்ப்பு சொன்னது போல இருக்கும். "யூ ஆர் கம்மிங் சண்டே" என்று இன்னொரு நாள். எதை அடித்தாலும் உரக்கப் படித்துக்கொண்டே அடிக்கிற பழக்கம் அவருக்கு. அதனால் கீதாஞ்சலிக்குப் போவதெல்லாம் தெருவுக்கும் போகும்.

நாலு மாதத்துக்கு முன் அவள் பொறுக்காமல், "அப்பா, இது கேள்வியா, ஆர்டரா?" என்று போட்டாள். "ஆர்டர்." என்று பதில் அடித்தார். புள்ளி என்று ஒன்று இருப்பது அன்றைக்கு நன்றாக நினைவுக்கு வந்திருக்கிறது. அதிலிருந்து அவள் பதில் போடுவதில்லை, ஊருக்கும் வருவதில்லை. நீல டிக் மட்டும் விழும். "பெத்த பொண்ணுக்கு என்னாத்துக்குங்க கொக்கி? அவ என்னா தாசில்தாரா?" என்று கேட்பார், எதிரில் ஆள் இல்லாவிட்டாலும்.

போன செவ்வாய்க்கிழமை, உப்பளத்தில் உப்பு வாருகிற சுலோசனா, கணுக்காலில் உப்பு பூத்தபடியே கடைக்குள் வந்து ஒரு காகிதத்தை மேசைமேல் விசிறினாள். உப்பளத்தில் குடிதண்ணீர் வேண்டும் என்று சென்னையில் இருக்கும் முதலாளியின் ஆபீசுக்கு அவள் எழுதச் சொன்ன கடிதம், திரும்பி வந்திருந்தது.

"யோவ், நான் யாருன்னு அவங்ககிட்ட எதுக்குய்யா கேட்ட?"

கடிதத்தில் இருந்தது இதுதான்: "ஐ ஆம் சுலோசனா? தேர் இஸ் நோ வாட்டர்?" அடியில் மேனேஜர் பச்சை மையில், "தெரியவில்லை. விசாரித்துச் சொல்லவும்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பதில் வந்துடுச்சில்ல? கொக்கி வேலை செஞ்சிருக்குது பாரு" என்றார் காசிலிங்கம், கூச்சமே இல்லாமல்.

"பதில் வந்துச்சு, தண்ணி வந்துச்சா? நாப்பது பொம்பளைங்க வெயில்ல நாக்கு ஒட்டிக்கினு நிக்கிறோம். இல்லாதத இல்லன்னு சொல்லு. தெரியாதத கேளு. எட்டாவது ஃபெயிலு, எனக்கே இது தெரியுது." போகிற போக்கில் இன்னொன்றையும் சேர்த்தாள். "உம் பொண்ணு சாப்டாளா இல்லியான்னு உனக்குத் தெரியுமா? அத என்னிக்காச்சும் கேட்டியா நீ?"

காசிலிங்கம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

கரண்ட் வேறு போயிருந்தது. ஃபைலில் இருந்த இன்னொரு பிரதியை எடுத்து, வொய்ட்னர் பாட்டிலைக் குலுக்கி, கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். வளைவு மறைந்தது, அடிப்புள்ளி மட்டும் நின்றது. ஐ ஆம் சுலோசனா. தேர் இஸ் நோ வாட்டர். அந்தப் புள்ளிகள் இத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்தன என்பதை இப்போதுதான் கண்டவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சுலோசனா காகிதத்தை வாங்கி, ஊதிக்கொண்டே போய்விட்டாள்.

மதியம் போனை எடுத்தார். "யூ ஏட்" வரைக்கும் வந்தாகிவிட்டது. ஊர் முழுக்கக் கொக்கி மாட்டிவிட்ட மனிதருக்கு, போனில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்கள் இருக்கிற பக்கத்துக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடி போனார். கிடைத்தது. ஒன்றே ஒன்று போட்டார். இந்தத் தடவை உரக்கப் படிக்கவில்லை.

அனுப்பிவிட்டு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, நிமிர்த்தி வைத்தார்.