தறிக்குழியில் கெளுத்தி

போன வாரம் நான் நொண்டி நடந்ததைப் பார்த்து விசாரித்தவர்களிடம் "சுளுக்கு" என்று சொல்லிவைத்தேன். பொய்! குத்தியது கெளுத்தி மீன்.

வாரத்தில் ஒரு நாள்தான் இந்தப் பத்தி; மற்ற ஆறு நாளும் நான் பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவன். மழை விட்ட சாயங்காலம், பக்கத்துக் கூரம் கிராமத்தில் பயிர் வைக்கும் என் நண்பர் கண்ணப்பன் மீன் பிடிக்கக் கூப்பிட்டார். வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடி ஏரியில் விழுந்தால், கெளுத்தி அதை எதிர்த்து ஏறி வருமாம். குறுக்கே கூடையை வைத்தோம். ஐந்து கெளுத்தி!

"தண்ணியே வேணாம்பா. ஈரச் சாக்குல சுத்தி வெச்சா ரெண்டு நாள் உசுரோட இருக்கும். ஆனா பானை வாயைக் கட்டிடு... ஏறி வந்து இருட்டா, ஈரமா எங்கனா ஒதுங்கிக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்தால், என் மனைவி அடுப்படியைக் கழுவிவிட்டிருக்கிறாள். மறுநாள் கிருத்திகை, விரதம். மீன் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. ஒரு நாள் எங்கே ஒளித்துவைப்பது?

தறிக்கு அடியில் இருக்கும் பள்ளம், தறிக்குழி! இருட்டு, ஈரம், யாரும் கை விட மாட்டார்கள். பானையை இறக்கி, மேலே சாக்கைப் போட்டேன். என்ன மூளை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

கை விட மாட்டார்கள், சரி. கால்?

காலையில் தறியில் உட்கார்ந்து, குழிக்குள் இருக்கும் மிதிக்கட்டையில் கால் வைத்தேன். சுரீர்! பானை வாயைக் கட்ட மறந்திருந்தேன். "ஐயோ" என்றால் குட்டு உடைந்துவிடும். "முருகா!" என்று கத்தினேன்.

"என்னாங்க?" என்றாள், பக்கத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மனைவி.

"கிருத்திகைமா..."

எழுந்துபோகவும் வழியில்லை. தறியில் இருப்பது முகூர்த்தப் புடவை. இன்னும் ஒரு முழம் பாக்கி. சாயங்காலம் கல்யாணப் பெண்ணின் அப்பா வருகிறார், விடிந்தால் கல்யாணம். கால் வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் உயிர் போனது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முருகா.

ஒருவழியாக நெய்து முடித்து, புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தேன். வாசலிலேயே என் குரலைக் கேட்டிருந்த பெண்ணின் அப்பா நெகிழ்ந்துபோனார். "சாமி பேரைச் சொல்லி நெய்ஞ்சிருக்கீங்க. எம் பொண்ணு நல்லா இருப்பா!" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. மனைவி மட்டும் என் காலைப் பார்த்தாள், பிறகு தறிக்குழியைப் பார்த்தாள்.

மறுநாள் எழுந்தால் மீன் குழம்பு வாசனை. அடுப்படியை எட்டிப் பார்த்தேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "நாலுதாங்க கெடச்சுது. இன்னும் இருக்குதுன்னா நீங்களே எறங்கிப் புடிங்க... முருகா முருகான்னு சொல்லிக்கினு!"