அஞ்சலையின் கார்டில் ஒன்றாம் எண்

அரியலூர் ரயில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் துவாரம் ஒரு கை நுழையும் அளவுதான். அதில் ஒரே சமயத்தில் நான்கு கைகளைப் பார்த்திருக்கிறேன். சென்ற மாதம் முன்பின் தெரியாத ஒருவரின் வியர்வை என் சட்டையின் முதுகை நனைத்துவிட்டது. “சற்றுப் பின்னால் நில்லுங்கள், எனக்கு அடுத்து நீங்கள்தான்” என்றேன். “பின்னால நின்னா எப்படிங்க ஊருக்குப் போறது?” என்று அவர் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

ரங்கூனில் குண்டு விழுந்தபின் கப்பலேறி, பெற்றவர்களின் ஊரை முதன்முதலாகப் பார்க்கும் என் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே நான் மரக் கம்பெனி குமாஸ்தா. பர்மியர் என்னைக் ‘கலா’ என்றார்கள், அந்நியன் என்று பொருள். இங்கே ரங்கூன்காரன். செந்துறைக்குப் பக்கத்தில் என் தகப்பனார் பிறந்த கிராமத்தின் ரேஷன் டிப்போவில், கார்டுகளில் பதிவு செய்யும் வேலை கிடைத்தது.

சனிக்கிழமை அரிசி போடுவார்கள். எச்சில் தெறிக்கக் கத்துவதும், முழங்கையால் இடிப்பதும், என் மேஜை மீதே பையை வீசுவதுமாக அந்தக் காலை வேளை எனக்கு அருவருப்பாக இருக்கும். ‘பெருங்குழப்பம்’ என்று டைரியில் எழுதினேன். எனினும் வழக்கப்படி, யாருக்கு எப்போது அரிசி கொடுக்கப்பட்டது என்பதையும் குறித்துக்கொண்டே வந்தேன். நான்கு வாரக் குறிப்புகளை ஒப்பிட்டபோது திகைத்தேன். நான்கு வாரமும் ஒரே வரிசை. முதலில் நிலக்காரர்கள் வாழும் பெரிய தெரு, பிறகு குடியானவர் தெரு, பிறகு தச்சரும் வண்ணாரும். கூச்சல் எல்லாம் வெறும் ஓசை. கடைசி இடம் களத்தோரம் விலகி நிற்கும் சேரிக்காரர்களுக்கு. அவர்களைக் கூப்பிடும்போது மூட்டையின் அடியில் குருணையும் தூசியும்தான் இருக்கும். பல வாரம் அதுவும் இராது.

அவர்களில் அஞ்சலை என்பவள் எல்லோருக்கும் முன்னால் வருவாள். புருஷன் மலேரியாவில் படுத்திருந்தான். நான்கில் மூன்று வாரம் வெறும் பையோடு திரும்பியிருந்தாள். கஞ்சிக்கு அரிசி இல்லாமல் அவன் கம்பங்கூழை வாந்தி எடுப்பதாகச் சொன்னாள்.

அப்போதுதான் ரங்கூன் கப்பல்துறை நினைவுக்கு வந்தது. பகல் முழுவதும் வெயிலில் நேர்க்கோடாக நின்றோம். ஒருவரும் இடிக்கவில்லை. வெள்ளைக்காரக் குடும்பங்கள் எங்களைக் கடந்து நேரே ஏறிப்போயின. அன்றைய டைரியில் ‘கூட்டம் அதிகம். ஒழுங்கு திருப்தி’ என்று எழுதியிருக்கிறேன். அது யாருடைய ஒழுங்கு என்று இப்போதுதான் விளங்கியது.

ஐந்தாம் சனிக்கிழமை வந்தவர் வந்தபடி கார்டின் மூலையில் மசியால் எண் போட்டேன். அஞ்சலைக்கு ஒன்று. கூப்பிட்டபோது அவள் அசையவில்லை. “வேணாம் சாமி. இன்னிக்கு அரிசி கெடைக்கும், நாளைக்கு வேலை கெடைக்காது.” நான் விடவில்லை. சட்டம், சர்க்கார் என்றெல்லாம் பேசினேன். வந்து வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பெரிய தெருக்காரர்கள் பையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார்கள்.

டிப்போ முதலாளி கோபப்படவில்லை. “என்ன ரங்கூன்காரரே, ஒழுங்கா இருந்த ஊர ஒரு பேனாவ வெச்சுக் கலச்சுப்புட்டீங்களே. ஜப்பான்காரன்கூட இம்புட்டு வெரசா செய்யலியே” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த வாரம் கடலை பிடுங்க அஞ்சலையைப் பெரிய தெருக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை கார்டோடு என்னிடம் வந்தாள்.

“இந்த ஒண்ண அழிச்சுடுங்க சாமி. அழிச்சத கொண்டாந்து காட்டு, அப்பறம் பாக்கலாம்னுட்டாங்க.”

“சர்க்கார் கார்டில் அழிக்கக் கூடாதம்மா.”

“எழுதலாமா?”

சவர பிளேடால் அந்த எண்ணைச் சுரண்டினேன். இருபது வருடக் குமாஸ்தா வேலையில் நான் அழித்த முதல் எழுத்து அது. அவள் ஊதித் தூசியைத் தட்டிவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “மசி தெரியலீங்களே?” என்று இரண்டு முறை கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை முதலாளி எனக்குக் காபி வரவழைத்தார். “இப்பதாங்க நீங்க நம்ம ஊரு ஆளாயிட்டீங்க” என்றார். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் கப்பலிறங்கிய நாளிலிருந்து ஏங்கியிருந்தேன். காபியைத் தள்ளிவைத்தேன். அஞ்சலையின் பங்கில் ஒரு படியைத் தனியே எடுத்துவைக்கலாமா என்று மெல்லக் கேட்டேன். “பழையபடி ஆரம்பிக்காதீங்க” என்றார், சிரித்தபடியே.

“பெரிய தெரு, வாங்க” என்று அன்று நான்தான் கூப்பிட்டேன். அந்த ‘வாங்க’ என் வாயிலிருந்து இந்த ஊர்க்காரர் சொல்வதைப் போலவே வந்தது. முழங்கைகளும் பைகளும் மேஜையை மொய்த்தன. கடலை பிடுங்கும் வேலை அதற்குள் திரும்பக் கிடைத்திருந்த அஞ்சலை, களத்தோரம் தரையைப் பார்த்தபடி நின்றாள். பேனாவோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் இந்த ஊர்க்காரன். அவளுக்கும் பின்னால், இன்னும் யாரும் கூப்பிடாத இடத்தில், ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த அந்தக் ‘கலா’ நின்றுகொண்டிருந்தான்.